கம்பெனி கேட்டுக்கு வெளியே பன்னிரண்டு வாரங்கள்

திருச்சிக்குப் புதிய வேலைகள் வந்துகொண்டிருக்கின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜேபில் நிறுவனம் 2,000 கோடி ரூபாய் முதலீட்டில் இங்கே மின்னணு உற்பத்தி ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 5,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பஞ்சப்பூரில் டைடல் பூங்கா எழுகிறது. நவல்பட்டில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஏற்கெனவே இயங்குகிறது. எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு சம்பளம் என்ற இரண்டு கேள்விகளோடு நம் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. கல்லூரியிலிருந்து நேராக வந்து சேரும் பட்டதாரிக்கு அந்த முதல் வருடத்தில் நிறுவனம் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறது? பெரிய நிறுவனங்கள் அந்த வருடத்தைச் சுழற்சிப் பயிற்சியாக அமைக்கின்றன. மூன்று மாதம் உற்பத்தி, மூன்று மாதம் தரக்கட்டுப்பாடு, மூன்று மாதம் கொள்முதல் என்று ட்ரெய்னி துறை துறையாக மாறிப் போவார். கூடவே சமூகத் தொண்டு என்று ஒரு வரியும் பல பயிற்சித் திட்டங்களில் இப்போது இடம்பிடித்திருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தொண்டு ஒரு சனிக்கிழமைக் காரியமாக இருக்கும்வரை அதனால் பெரிய பலன் இல்லை. மற்ற துறைகளுக்கு ஒதுக்கும் அதே பன்னிரண்டு வாரத்தை, அதே சம்பளத்தோடும் அதே மதிப்பீட்டோடும் ஊருக்கும் ஒதுக்கினால் நிறுவனம், ட்ரெய்னி, ஊர் மூவருக்கும் லாபம் என்பதே என் வாதம்.

சுழற்சிப் பயிற்சி எதற்கு என்பதைத் திருச்சியில் நீட்டி விளக்க வேண்டியதில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு அமைந்து 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய திருவெறும்பூர் பெல் ஆலை, இந்த ஊரில் மூன்று தலைமுறைக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இடம். அங்கே தயாராகும் பாய்லரை எடுத்துக்கொள்வோம். அதன் சுவர் என்பது நீண்ட ஸ்டீல் குழாய்களை அடுத்தடுத்து வைத்து, நடுவே பட்டைத் தகடு கொடுத்து வெல்டிங் செய்த ஒரு பேனல். வரைபடம் போடுபவர் ஒரு குழாய் மூட்டைச் சுற்றி விட்ட இடைவெளி கை நுழையாத அளவுக்குக் குறுகலாக இருந்துவிட்டால், வெல்டர் உடம்பை வளைத்து எப்படியோ முடித்துவிடுவார். எக்ஸ்ரே ஃபிலிமில் குறை தெரியும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும், மறுபடி எக்ஸ்ரே, அனுப்ப வேண்டிய தேதி தள்ளிப் போகும். டிசைன் மேசையை விட்டு எழுந்திராதவருக்கு இந்தக் கதையின் பின்பாதி தெரியவே தெரியாது. அவரே சில வாரம் வெல்டருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் அடுத்த வரைபடம் வேறு மாதிரி வரும். நம் வேலை யார் கையில் போய்ச் சேருகிறதோ அவர் நிற்கும் இடத்திலிருந்து நம் வேலையைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் சுழற்சி.

இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால், அது கம்பெனி கேட்டில் வந்து ஏன் நின்றுவிட வேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆலையின் முடிவுகளைச் சுமப்பவர்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். ஷிப்ட் நேரத்தைப் பதினைந்து நிமிடம் மாற்றினால் துவாக்குடி பஸ்ஸில் கூட்டம் மாறும். ஒப்பந்தத் தொழிலாளரின் கூலியைக் குறைத்தால் அது காட்டூரிலோ அரியமங்கலத்திலோ ஒரு வீட்டு வாடகையில் போய் விடியும். இதை உணராத நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஏராளமானோர் நோயில் விழுந்தார்கள். பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். உலகச் சந்தைக்கு ஐபோன் செய்யும் ஆலை மூடப்பட்டு, மறுபடி திறக்க அடுத்த ஜனவரி ஆனது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உற்பத்தி வரிசையில் அத்தனை துல்லியம் பார்க்கும் ஒரு தொழில், தன் தொழிலாளி இரவில் எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதைப் பார்க்கத் தவறியதால் நின்று போனது. அதே வகைத் தொழில் இப்போது திருச்சிக்கு வருகிறது. நாளை மேலாளராகப் போகிறவரைப் பயிற்சிக் காலத்திலேயே ஊருக்குள் அனுப்பி வையுங்கள் என்று சொல்வதில் கருணை மட்டும் இல்லை, தொழில் புத்தியும் இருக்கிறது.

இப்போது வழக்கத்தில் இருக்கும் தொண்டு எப்படிப்பட்டது? ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே நிற டி-ஷர்ட், கையுறை, பேனர் சகிதம் படித்துறைக்கு வந்து பிளாஸ்டிக் பொறுக்குவார்கள். அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். செய்பவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நட்ட கன்று ஆகஸ்டில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் அங்கே இருக்கப் போவதில்லை. தன் வேலை தோற்றதா ஜெயித்ததா என்று தெரியாத இடத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தையே பாருங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் காவிரியில் முழுகிவிட்டுப் பழைய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் வந்து பொறுக்கியவருக்கு அது குப்பை, அவ்வளவுதான். தொடர்ந்து மூன்று அமாவாசை அங்கே இருப்பவருக்குக் கேள்விகள் பிறக்கும். துணி போடும் தொட்டியை எந்தப் படியில் வைத்தால் ஈரத்தோடு வருபவர் கண்ணில் படும்? கூட்டம் எத்தனை மணிக்கு உச்சத்தில் இருக்கிறது, மாநகராட்சி லாரி எத்தனை மணிக்கு வருகிறது? தர்ப்பணம் செய்து வைக்கும் வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்களா, அவர் ஏன் சொல்வதில்லை? சேர்ந்த துணி எங்கே போகிறது, யாருக்கு அதில் வருமானம்? கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டவர் இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு நாள் தொண்டு இப்படி நிலைபெற்றதற்குச் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். ஊழியர்கள் இலவசமாகத் தரும் உழைப்பைப் பணமாகக் கணக்கிட்டு இந்தத் தொகையில் சேர்க்க முடியாது என்று நிறுவன விவகார அமைச்சகம் 2016-ல் தெளிவுபடுத்தியது. ஊழியர்களை ஈடுபடுத்துவதை ஊக்குவிக்கலாம், கணக்கில் காட்டக் கூடாது. இதன் விளைவு, பணம் ஒரு துறையிலும் ஆட்கள் இன்னொரு துறையிலும் தங்கிவிட்டார்கள். சிஎஸ்ஆர் துறை காசோலை எழுதுகிறது. மனிதவளத் துறை பயிற்சி நடத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பது வருடாந்திர அறிக்கைக்குப் புகைப்படம் தேவைப்படும்போதுதான். அமைச்சகத்தின் நிலைப்பாடு சரி என்றே நினைக்கிறேன். ட்ரெய்னியின் நேரத்தைத் தானமாகக் காட்ட முடியாதென்றால், அது எங்கே சேர வேண்டுமோ அங்கே சேரட்டும்: பயிற்சிச் செலவில். வெல்டிங் ஷாப்பில் அவர் கழிக்கும் மூன்று மாதத்தை யாரும் தொண்டு என்று எழுதுவதில்லை. ஊரில் கழிக்கும் மூன்று மாதத்தையும் அப்படி எழுத வேண்டாம்.

இது நடந்து பார்த்த காரியம். 1970-களில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்கு உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டத்தில் ஒரு பால் பதனிடும் ஆலை இருந்தது. போதுமான பால் வராமல் அது நட்டத்தில் ஓடியது. ஆலைக்குள் எதைச் சரிசெய்தும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு ஆலைக்குள் இல்லை. மாட்டுக்குத் தீவனம் இல்லை, கால்நடை வைத்தியம் இல்லை, வங்கிக் கடன் எட்டாத தூரத்தில் இருந்தது. 1976-ல் நிறுவனம் அந்த மாவட்டத்தில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதோடு சேர்த்து எடுத்த ஒரு முடிவுதான் நமக்கு முக்கியம்: பெரிய கல்வி நிறுவனங்களிலிருந்து தேர்ந்தெடுத்து வந்த மேலாண்மை ட்ரெய்னிகள் ஆறிலிருந்து எட்டு வாரம் அந்தக் கிராமங்களில் தங்க வேண்டும். சோப்பு விற்கவும் விளம்பரம் தயாரிக்கவும் வந்தவர்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தங்கி, மண் ரோட்டில் நடந்து, கடன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் கிராமத்தில் தங்கும் கட்டம் பல தலைமுறை மேலாளர்களுக்குத் தொடர்ந்தது. அங்கே தங்கிப் பயின்றவர்கள் பிற்பாடு அந்த நிறுவனத்தின் உயர் பொறுப்புகளுக்கு வந்தார்கள். 1956-ல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கிய டாடா நிர்வாகப் பணித் திட்டத்திலும், வெவ்வேறு டாடா நிறுவனங்களில் சுழற்சிக்கு நடுவே சில வாரம் கிராமப்புறத்திலோ சமூகப் பணியிலோ கழிக்கும் கட்டம் உண்டு.

ஏட்டாவைப் பற்றி ஒரு விமர்சனம் எழும். லீவர் அதைத் தன் பாலுக்காகச் செய்தது, பின்னாளில் கிராமச் சந்தையைப் பிடிக்க அந்த அனுபவம் உதவியது, இதில் சமூகத் தொண்டு எங்கே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் திட்டம் நிலைத்ததற்கே அதுதான் காரணம் என்பேன். தலைவர் மாறினால் தானம் நின்றுவிடும். தொழிலுக்குத் தேவை என்று நிறுவனம் உணர்ந்த பயிற்சி நிற்காது. ஏட்டாவில் குறை வேறோர் இடத்தில் இருந்தது. ட்ரெய்னி என்ன செய்ய வேண்டும், எதைச் செய்தால் தேர்ச்சி என்பதை நிறுவனமே தீர்மானித்தது. கிராமத்துக்கு அதில் குரல் இல்லை. நாம் இங்கே திருத்திக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

திருச்சியைப் பொறுத்தவரை, ஊருக்குள் போய்க் கற்பது வேறு சில படிப்புகளுக்குக் கட்டாயமாகிப் பல காலம் ஆகிவிட்டது. நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி மாணவர்களும் அங்குள்ள மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி மாணவிகளும் இறுதியாண்டில் கிராமத் தங்கல் திட்டத்துக்குப் போகிறார்கள். வாழைத் தோட்டத்தில் விவசாயி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்த பிறகுதான் பலருக்குப் பாடப் புத்தகமே புரிகிறது. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியின் ஹவுஸ் சர்ஜன்கள், நாட்டின் மற்ற ஹவுஸ் சர்ஜன்களைப் போலவே, 2021 விதிகளின்படி பன்னிரண்டு வாரம் சமூக மருத்துவத்தில் பணியாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் டாக்டர் ஆக முடியாது. ஐஏஎஸ் தேறியவர் ஏறக்குறைய ஒரு வருடம் மாவட்டத்தில் பயிற்சி பெறுகிறார். செயின்ட் ஜோசப் கல்லூரி ஷெப்பர்ட் என்ற விரிவாக்கத் துறையையே நடத்தி மாணவர்களைச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. டாக்டருக்கும் கலெக்டருக்கும் வேளாண் அலுவலருக்கும் தேவைப்படுகிற ஒன்று, ஆலையையும் மென்பொருளையும் வங்கிக் கணக்கையும் நிர்வகிக்கப் போகிறவருக்கு மட்டும் எப்படித் தேவையில்லாமல் போகும்? 1969-லிருந்து நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே என்றால், அது மாணவப் பருவத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும். நல்ல தொடக்கம். ஆனால் மாணவர் கையில் எந்தக் கருவியும் இல்லை, எந்த அதிகாரமும் இல்லை. கொள்முதல் தெரிந்த, தரக்கட்டுப்பாடு தெரிந்த, பின்னால் ஒரு நிறுவனத்தின் பட்டறை நிற்கிற ட்ரெய்னியால் ஆவது வேறு.

ட்ரெய்னி எங்கே போவார், யாரிடம் கற்பார்? இந்த விஷயத்தில் திருச்சிக்கு இருக்கும் வசதி பல பெருநகரங்களுக்கு இல்லை. சுகாதாரப் பணிக்காக இந்த ஒரு வட்டாரத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பத்மஸ்ரீ விருதுகள் வந்தன: 2021-ல் ஸ்கோப் அமைப்பின் சுப்புராமனுக்கு, 2022-ல் கிராமாலயாவின் தாமோதரனுக்கு. முசிறியில் ஸ்கோப் கட்டிய சூழல் உகந்த பொதுக் கழிப்பறையில், பயன்படுத்த வருபவருக்கே ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். சேகரித்த சிறுநீரைப் பயிருக்கு உரமாகப் பயன்படுத்திச் சோதனை செய்தார்கள். கிராமாலயா வேலை செய்த கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்த நாட்டின் முதல் நகர்ப்புறக் குடிசைப் பகுதி என்று 2002-ல் அறிவிக்கப்பட்டது. கல்மந்தை வழியில் திருச்சியில் பரவிய சமுதாயக் கழிப்பறைகளை நடத்தியவர்கள் அந்தந்தப் பகுதி மகளிர் குழுக்கள். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து காசு வாங்கி டோக்கன் கொடுப்பார். அன்றைய வரவு நோட்டில் ஏறும். அந்த வரவிலிருந்து துப்புரவுக்கு, மோட்டார் ரிப்பேருக்கு, பினாயிலுக்கு, பல்புக்குப் போனது போக மிச்சம் வங்கிக் கணக்கில் சேரும். குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வாசிக்க வேண்டும்.

அந்த நோட்டை ஒரு வணிகவியல் பட்டதாரியிடம் கொடுத்து மூன்று மாதம் கூட இருக்கச் சொல்லுங்கள். ஒரு ரூபாய் கட்டணத்தை இரண்டு ரூபாய் ஆக்கினால் யார் யார் வருவதை நிறுத்துவார்கள் என்பது அவருக்கு அங்கே தெரியும். எந்த வகுப்பிலும் விலை நிர்ணயத்தை அவ்வளவு கூர்மையாகக் கற்றுக்கொடுக்க முடியாது. மோட்டார் ஏன் அடிக்கடி எரிகிறது என்று பார்க்கும் எலக்ட்ரிக்கல் பட்டதாரிக்கு மின்னழுத்தம், தண்ணீர் மட்டம், ரிப்பேர்க்காரரின் நம்பகம் எல்லாம் ஒரே பிரச்சினையாக எதிரே வந்து நிற்கும். தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம் 2015-க்குப் பிறகு திருச்சியில் வேலை செய்தபோது கழிவறைகளோடு நிற்காமல் செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி, சுத்திகரிப்பு என்று முழுச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டது. பொறியாளருக்கு வேலை இல்லாத இடமே அந்தச் சங்கிலியில் கிடையாது. தூய்மை நகரங்களின் பட்டியலில் 2016-ல் நாட்டிலேயே மூன்றாவதாகவும் 2017-ல் ஆறாவதாகவும் வந்த திருச்சி, பிறகு அந்த இடத்தைத் தக்கவைக்கவில்லை. கட்டுவதைவிடப் பராமரிப்பு கடினம் என்பதைப் பயிற்சிக் காலத்தில் கற்றவர், ஆலைக்குத் திரும்பியதும் பராமரிப்புப் பிரிவை இரண்டாந்தரமாக நடத்த மாட்டார்.

ஸ்ரீரங்கத்தில் வேறு வகைப் பாடம் இருக்கிறது. 156 ஏக்கர், ஏழு பிரகாரங்கள், 21 கோபுரங்கள், வெளிப் பிரகாரங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும்: கோயிலும் ஊரும் ஒன்றான இடம் அது. 2017-ல் அரங்கநாதர் கோயிலுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மண்ணும் இடிபாடும் மூடிக் கிடந்த பழைய தளங்களை வெளிக்கொண்டு வந்ததும், மழைநீர் சேகரிக்கவும் வடியவும் முன்னோர் அமைத்த வழிகளை மீட்டதும் அந்தப் பணியில் அடக்கம். அப்போது கோயில் அறங்காவலர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டிவிஎஸ் மோட்டாரின் வேணு சீனிவாசன். ஒரு தொழிலதிபரின் திட்டமிடும் திறனும் ஸ்தபதிகளின் கைப்பழக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த விருதே சாட்சி. மார்கழியில் பகல் பத்து, ராப்பத்து என்று நீளும் வைகுண்ட ஏகாதசி விழாவில் பரமபத வாசல் திறக்கும் விடியலில் லட்சக்கணக்கானோர் ஸ்ரீரங்கம் தீவுக்குள் வருகிறார்கள். வரிசை எங்கே நெரிகிறது, குடிநீர் எந்த வீதியில் முதலில் தீர்கிறது, வயதானவர் உட்கார இடம் எங்கே இல்லை என்பவையெல்லாம் பொருள் நகர்வு படித்த பட்டதாரி எண்ணிப் பார்த்து எழுத வேண்டிய விஷயங்கள். ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருபவர்கள் கோயில் ஊழியர்களும் தூய்மைப் பணியாளர்களும். ட்ரெய்னி அவர்களுக்கு யோசனை சொல்லப் போகவில்லை. முதல் ஆறு வாரம் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் அவர் வேலை.

எதிர்வாதங்களுக்கு வருவோம். கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பது தொண்டா என்பது முதலாவது. தொண்டு என்று பெயர் வைத்தால்தானே அந்தச் சங்கடம்? பயிற்சியின் ஒரு கட்டம் என்று சொல்லிவிட்டால் கட்டாயத்தில் பிழை இல்லை. சமூக மருத்துவத்தில் பன்னிரண்டு வாரம் கழிக்கும் ஹவுஸ் சர்ஜனை யாரும் தியாகி என்று அழைப்பதில்லை, கட்டாயப்படுத்தினார்கள் என்று அவரும் வருந்துவதில்லை. பயிற்சி முடிந்த பிறகு வார இறுதியில் அவர் தானாகக் கல்மந்தைக்குப் போனால் அதைத் தொண்டு என்று பாராட்டுவோம்.

அடுத்தது இதைவிடக் கனமானது. திருச்சிக் கல்லூரிகளில் படித்து வேலைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கல்விக்கடன் தலைக்கு மேல் இருக்கும். நாங்கள் அங்கிருந்துதானே வந்தோம், எங்களுக்கே வறுமையைக் காட்டப் போகிறீர்களா என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கோபம். ஏழைகளைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பும் எந்தத் திட்டமும் அவர்களை அவமதிக்கிறது. நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எத்தனை நடை, குழுக் கடனுக்கு யார் கையெழுத்து, கிராம சபையில் யார் பேசினால் எடுபடும் என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். இப்போதைய முதல் வருடப் பயிற்சியில் அந்த அறிவுக்கு மதிப்பெண் கிடையாது. நுனிநாக்கு ஆங்கிலத்துக்கும் பளபளப்பான பிரசன்டேஷனுக்கும்தான் மதிப்பெண். ஊரில் நடக்கும் சுழற்சியில் நிலைமை மாறும். கான்பரன்ஸ் ஹாலில் வாய் திறக்காத பெண் அங்கே எல்லோரையும் முந்துவாள். வட இந்தியாவிலிருந்து தேர்வெழுதி வந்த சக ட்ரெய்னி அவளிடம் தமிழ் கற்றுக்கொள்வார். ஆனால் ஒரு நிபந்தனை: சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது, தங்குவதற்கும் போக்குவரத்துக்கும் நிறுவனமே செலவழிக்க வேண்டும், பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் உறுதியான பிறகே இடம் ஒதுக்க வேண்டும். தொண்டு என்ற பெயரில் இளைஞரின் உழைப்பை இலவசமாக வாங்கும் திட்டம் எதுவாக இருந்தாலும் நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பேன்.

மூன்றாவது கேள்வி, தொண்டு நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் கேட்பது. பத்து ட்ரெய்னிகளை அனுப்பி வைத்தால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார், எங்கள் வேலையை யார் பார்ப்பது? பன்னிரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள், எங்களுக்கு மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாத திட்டத்தைத் தொடங்கவே கூடாது. சிஎஸ்ஆர் பணம் பயன்பட வேண்டியது இங்கேதான்: வரவேற்கும் அமைப்பின் திட்டத்துக்கும், அதில் மேற்பார்வை செய்பவரின் ஊதியத்துக்கும் முறையாக நிதி கொடுங்கள். ஒரு ட்ரெய்னி போனதும் அடுத்தவர் அதே இடத்தில், அதே நோட்டில், முந்தையவர் விட்ட வரியிலிருந்து தொடரட்டும். ஆட்கள் மாறுவார்கள், வேலை மூன்று நான்கு வருடம் ஓடும். எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று குழு சொல்லட்டும். மதிப்பெண்ணில் பாதியைக் குழுத் தலைவி போடட்டும். பிளான்ட் மேலாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் குழுத் தலைவியின் கையெழுத்து இல்லாமல் பயிற்சி முடிவுச் சான்றிதழ் வராது என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அந்த ஒரு விதி நூறு மரக்கன்றுகளைவிட அதிகம் மாற்றும்.

சிறு நிறுவனங்களால் இது முடியுமா? திருவெறும்பூரைச் சுற்றி பெல் ஆர்டரை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பட்ட பாட்டை ஊர் அறியும். இரண்டே பேரை வைத்திருக்கும் பட்டறையிடம், ஒருவரை மூன்று மாதம் வெளியே அனுப்பு என்று சொன்னால் அது நடக்காது. சங்கங்கள் வழியாகப் பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஓரிருவரை மாற்றி மாற்றி அனுப்பலாம், நான்கு வாரத்துக்குக்கூட அனுப்பலாம். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் பட்டதாரிகளையும் உள்ளடக்கியது. பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் தொடங்கியபோது நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் பன்னிரண்டு மாதப் பயிற்சிக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது, குறைந்தது பாதிக் காலம் நேரடி வேலைச் சூழலில் கழிய வேண்டும் என்றது. அந்த வேலைச் சூழலில் ஆலைக்கு வெளியே உள்ள ஊரையும் சேர்க்க ஒரு திருத்தம் போதும். ஆனாலும் முதல் அடி பெரிய நிறுவனங்களுடையது. பட்டறைகளால் முடியாததைக் காட்டி, முடிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

லாபக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி முடிந்த கையோடு பட்டதாரிகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் தாவிவிடுகிறார்கள் என்பது இந்த ஊர் நிறுவனங்களின் பழைய புலம்பல். சம்பளத்தில் பெங்களூரோடு போட்டி போடத் திருச்சியால் முடியாது. ஆனால் இந்த ஊரில் தன்னை நாலு பேருக்குத் தெரியும், தான் சரிசெய்த மோட்டார் ஒன்று இன்னும் ஓடுகிறது என்ற பிடிப்பைக் கொடுக்க முடியும். அது எல்லோரையும் நிறுத்தி வைக்காது. சிலரையாவது நிறுத்தும்.

ஜேபில் ஆலையிலும் பஞ்சப்பூரிலும் வேலைக்கு ஆள் எடுக்கப் போகும் மனிதவள அதிகாரிகள் முதல் வருடப் பயிற்சி அட்டவணையை இனிமேல்தான் எழுதப் போகிறார்கள். எழுதிய பிறகு மாற்றுவது கடினம். இப்போது ஒரு கட்டத்தைச் சேர்ப்பது எளிது. மாவட்ட ஆட்சியரும் மாநகராட்சியும் ட்ரெய்னிகளை ஏற்கத் தயாராக இருக்கும் குழுக்கள், படித்துறைகள், பள்ளிகள், வார்டுகளின் பட்டியலை அவர்கள் மேசையில் வைக்கட்டும். இதைப் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் சொல்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவின் கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். பயிற்சிக் காலத்தில் எத்தனை வாரம் கேட்டுக்கு வெளியே அனுப்புவீர்கள், அந்த வாரங்களுக்கு மதிப்பெண் போடுவது யார் என்று கேளுங்கள்.